சந்திப்பு அறையில் அணைகிற விளக்கு

சந்திப்பு அறை விளக்கு அந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் ஏன் அணைகிறது? பயிற்சிக்கு வந்த பெண்ணைச் சோறு தண்ணி இறங்கவிடாமல் அலைக்கழித்த கேள்வி இதுதான்.

கேட்பதற்கு அற்பமான சமாசாரம். கதவுக்கு மேலே, பாதி முட்டை ஓட்டைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு வெள்ளைச் சென்சார் இருந்தது. அறைக்குள் யாராவது அசைந்தால் விளக்கு எரியும். சற்று நேரம் அசைவே இல்லையென்றால் அணைந்துவிடும். மாடிப்படிகளிலும் கழிப்பறைகளிலும் நாம் தினம் பார்ப்பதுதான். இதில் புதிர் எங்கே வந்தது என்றால், அந்த அம்மா அசைந்துகொண்டேதான் இருந்தார். ஆடுநாற்காலியில் உட்கார்ந்து, ஆறு வயது மகளை மடியில் கிடத்திக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு பட்டென்று அணைந்தது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு வாரமும்.

பயிற்சிக்கு வந்தவளுக்கு வீட்டில் குடைச்சல் என்று பெயர். வாய் திருந்தாத வயதில் மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, உள்ளே யார் சுற்றுகிறார்கள் என்று கேட்ட அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர். ஆள் வளர்ந்தாலும் பெயர் போகவில்லை, காரணமும் போகவில்லை. சமூகப்பணிப் படிப்பின் கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

நிறுவனத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் குழந்தையைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத நிலைமை வந்தால், அந்தக் குழந்தையை வேறொரு குடும்பத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பாலத்தில் ரிப்பேர் நடக்கும்போது வண்டியைப் பக்கத்துத் தெரு வழியாகத் திருப்பிவிடுவது மாதிரி. பாலம் சரியானதும் பழைய வழிக்கே வர வேண்டும். அதுவரை குழந்தைக்கும் பெற்றவர்களுக்கும் தொடர்பு விட்டுப் போகாமலிருக்க வாரம் ஒருமுறை சந்திக்க வைப்பார்கள். சந்திப்பு அறை அதற்குத்தான்.

முதல் வாரம் குடைச்சலுக்குக் கொடுத்த வேலை, முகங்களுக்குச் சிரிப்பு ஒட்டுவது. குழந்தைகளின் முகத்தை வெளியில் காட்டக் கூடாது என்பது சட்டம். நன்கொடையாளர்களுக்குக் குழந்தைகளின் படம் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சட்டம். இரண்டையும் சமாளிக்க, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு மஞ்சள் வட்டச் சிரிப்பைக் கம்ப்யூட்டரில் ஒட்டினாள். இயக்குநர் பின்னால் நின்று பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குரலில் எப்போதும் ஒரு மேடையைச் சுமந்து திரிகிற அம்மையார்.

"இந்தக் குழந்தை கொஞ்சம் சோகமாத் தெரியுதேம்மா."

"மூஞ்சியே தெரியல மேடம். நான்தான் மறைச்சிட்டேனே."

"தோள் தொங்குது பாரு. இன்னும் பெரிய சிரிப்பாப் போடு. தோள் வரைக்கும் வரட்டும்."

அடுத்த வாரம் சந்திப்பு அறைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கேதான் பாசக் குறியீடு அவளுக்கு அறிமுகமாயிற்று.

முன்பெல்லாம் கவனிப்பு அதிகாரி ஒருவர் அறையின் மூலையில் உட்கார்ந்து, குழந்தையும் பெற்றவர்களும் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து எழுதுவாராம். அது வெறும் தனிமனித அபிப்பிராயம் என்று இயக்குநர் முடிவு கட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர்கள் நன்கொடை கொடுத்து அறையைப் புதுப்பித்தார்கள். சுவரில் தங்கள் பெயரைச் சாண் உயரத் தகர எழுத்துகளில் பதித்தார்கள். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று சென்சார் விளக்கும் போட்டார்கள். விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்ற விவரம் தானாகவே கம்ப்யூட்டரில் விழுந்தது. இயக்குநருக்குப் பொறி தட்டியது. அசைவு இருந்தால் விளக்கு எரிகிறது. பாசம் இருந்தால் அசைவு இருக்கும். ஆகவே விளக்கு எரிந்த நேரத்தைச் சந்திப்பு நேரத்தால் வகுத்தால் பாசம் வந்துவிடும். நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகவே வந்துவிடும். இதைப் பற்றி அவர் வெளியூர் மாநாடுகளில் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

அதிகாரி மட்டும் வேலையை விடவில்லை. கவனிப்பு அதிகாரி என்ற பெயரும் போகவில்லை. கவனிப்பதுதான் போய்விட்டது. கதவுக்கு வெளியே, கதவிலுள்ள சின்னக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலி போட்டு, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். விளக்கு அணைந்தால் கோடு தொபுக்கென்று விழும், மணி அடிக்கும். மணி அடித்தால் அவர் எழுந்து கதவைத் திறந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்க வேண்டும். மற்ற நேரத்தில் குறுக்கெழுத்து.

"இங்க யாருக்கு சார் நல்ல மார்க்?" என்று குடைச்சல் கேட்டாள்.

"நடைராஜான்னு ஒருத்தர் வருவார்மா. நாங்க வெச்ச பேரு. வந்ததுலேர்ந்து போற வரைக்கும் போனைக் காதுல வெச்சிக்கிட்டு இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடப்பார். பையன் மூலையில தேமேன்னு உக்காந்து சுவத்தைச் சுரண்டிட்டு இருப்பான். தொண்ணூத்தேழுக்குக் கீழ இறங்கினதே இல்ல."

"அவருக்கு மேல யாரும் இல்லையா?"

"இருக்கே. திங்கக்கிழமை காலையில தரை துடைக்க வர்றவங்க. ஆளே இல்லாத அறை. நூத்துக்கு நூறு."

"சார், அது பாசமே இல்லையே."

"தரை மேல இருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு அவர் குறுக்கெழுத்துக்குத் திரும்பினார்.

பட்டியலின் அடியில், நாற்பதைத் தாண்ட முடியாமல் கிடந்தவர்தான் பேக்கரி அக்கா. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. கை மணிக்கட்டு வரை மாவு வாசனை. மகளைத் தூங்க வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் குழந்தை விழித்துக்கொண்டு அழ, பக்கத்து வீட்டார் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார்கள். தப்பு தப்புதான், அவரும் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது கெஞ்சிக் கூத்தாடிப் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். மாதக் கடைசியில் மறுஆய்வுக் குழு கூடும். குழு திருப்தியானால் குழந்தை சனி, ஞாயிறு அம்மாவோடு வீட்டில் இருக்கலாம், அப்படியே படிப்படியாகத் திரும்பியும் வந்துவிடலாம். பாசக் குறியீடு தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழேயே இருந்தால், வாரச் சந்திப்பு மாதச் சந்திப்பாகச் சுருங்கிவிடும்.

குடைச்சல் முதல்முறை கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கால் செருப்பு கழன்று தொங்க, அம்மாவின் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். அம்மா மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது. மணி அடித்தது. அதிகாரி எழுந்து, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்றார். வெளிச்சம் பளீரென்று வந்தது. குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து, வீறிட்டது.

குழந்தையைக் கூட்டிப் போக வந்த வளர்ப்பு அம்மா நல்ல மனுஷி. படியில் நின்று செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே புலம்பினார். "எங்க வீட்டுல ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்காம்மா. கதை சொல்லியாச்சு, விளக்கைப் போட்டுப் பாத்தாச்சு, அணைச்சுப் பாத்தாச்சு. கதவையே பாத்துட்டுப் படுத்திருக்கா. அவங்க அம்மாகிட்ட வர்றப்ப மட்டும் எப்படித்தான் அப்படித் தூங்குறாளோ."

குடைச்சல் நேராக இயக்குநரிடம் போனாள்.

"மேடம், அந்தக் குழந்தை வாரம் பூரா தூங்கறதில்ல. அம்மா மடியிலதான் தூங்குது. அதைப் போய்ப் பாசம் இல்லன்னு கணக்குல காட்டுறோம்."

"நாம எதுவும் காட்டலைம்மா. டேட்டா காட்டுது. டேட்டாவுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"அப்ப சென்சாரைக் கொஞ்சம் நேரம் கழிச்சு அணையற மாதிரி மாத்திடலாமே? மூடிக்குள்ள ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினாப் போதும்."

இயக்குநர் பதறிப்போனார். "அய்யய்யோ, தொட்டுடாதே! அதை மாத்தினா பழைய டேட்டாவோட புது டேட்டாவை ஒப்பிட முடியாது. மாநாட்டுல என்னத்தைக் காட்டுவேன்? அதுவும் போக, அதுல கம்பெனிக்காரங்க சீல் ஒட்டியிருக்காங்க. கவலைப்படாதே, அந்தத் தாய்க்கு உதவி செய்யத்தான் போறோம்."

உதவி, ஒரு பயிலரங்காக வந்தது. 'அசைவின் வழியே அன்பு' என்று தலைப்பு. பயிற்சியாளர் ஒருவர் காலர் மைக் மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது பேக்கரி அக்கா ஒருவர்தான், அதுவும் கை எட்டுகிற தூரத்தில். அன்பு காட்டும்போது கையை அகலமாக வீச வேண்டும், அடிக்கடி எழுந்து நிற்க வேண்டும், குழந்தையிடம் பேசும்போது தலையையும் தோளையும் பயன்படுத்த வேண்டும் என்று அவர் மைக்கில் விளக்கினார். அக்கா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வாரச் சந்திப்பை மறக்க முடியாது. குழந்தை வழக்கம்போல மடியில் சாய்ந்து கண் மூடியதும், அக்கா இடது கையால் அதை அணைத்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி வீச ஆரம்பித்தார். விளக்கு அணையவில்லை. பச்சைக் கோடு நிமிர்ந்து நின்றது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் மடி குலுங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து, "என்னம்மா பண்றே? யாருக்கு டாட்டா காட்டுறே?" என்றது.

"விளக்குக்குக் கண்ணு. நீ தூங்கு."

"நீ டாட்டா காட்டுனா நான் போகணும்ல?"

அக்காவின் கை அப்படியே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு விளக்கு எத்தனை தடவை அணைந்தும் அவர் கையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும் குடைச்சலிடம், "பாப்பா, நான் ஆடிக்கிட்டேதானே இருக்கேன். அது ஏன் என்னை மட்டும் பாக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல். குடைச்சலுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவளுடைய குரலே அதுதான்.

"தெரியலக்கா. கண்டுபிடிச்சிச் சொல்றேன்" என்றாள். மறுஆய்வுக்கு முன் இன்னும் ஒரே ஒரு சந்திப்புதான் பாக்கி இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அறையைக் காலியாகப் பிடித்தாள். முதல் சந்தேகம், அக்கா ஆடுகிற வேகம் போதவில்லையோ என்பது. தானே உட்கார்ந்து மெதுவாக ஆடிப் பார்த்தாள். விளக்கு அணைந்தது. வேகமாக ஆடினாள், நாற்காலி கிறீச்சிட்டது, அப்போதும் அணைந்தது. இரண்டாவது சந்தேகம், சென்சார் பழுதோ என்பது. எழுந்து அறையின் குறுக்கே ஓரடி வைத்தாள். பளிச். பழுதில்லை. மூன்றாவது, முட்டை ஓட்டில் தூசியோ? ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள். துடைக்கும்போது ஜோராக எரிந்தது, நாற்காலியில் உட்கார்ந்து ஆடியதும் மறுபடி அணைந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் சோபாவில் மல்லாந்தபடியே யோசனை வழங்கினான்.

"ஒரு காகிதக் காத்தாடியைச் செஞ்சு சீலிங்ல தொங்க விடு. அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும். அசைவுக்கு அசைவும் ஆச்சு."

"அட, உனக்குக்கூட மூளை வேலை செய்யுது!"

"அதான் உன்னை மாதிரி கழட்டிப் பாக்காம வெச்சிருக்கேன்."

மறுநாள் சந்திப்பு அறையில் காகிதக் காத்தாடியைத் தொங்கவிட்டாள். அது ஃபேன் காற்றில் தட்டாமாலை சுற்றியது. விளக்கு கண்டுகொள்ளவே இல்லை. ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் அந்த முட்டை ஓட்டின் மர்மத்தில் பாதி பிடிபட்டது.

அது நம் கண்ணைப் போல உருவத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. மனித உடம்பு, சுவரையும் மேசையையும் விடக் கதகதப்பாக இருக்கிறது. அந்தக் கதகதப்பு இடம் மாறினால்தான் சென்சாருக்கு உறைக்கும். காகிதத்துக்குச் சுவரின் சூடுதான். அது என்ன ஆட்டம் போட்டாலும் சென்சாருக்கு அது சுவரின் ஒரு துண்டு, அவ்வளவுதான். சரி, அக்கா காகிதம் இல்லையே? அவரும் குழந்தையும் சேர்ந்து இரண்டு ஆள் கதகதப்பு. அதுவும் ஆடுகிற கதகதப்பு. அது ஏன் உறைக்கவில்லை?

மீதிப் பாதி, ஒரு சைக்கிளில் முட்டிக்கொண்டு கிடைத்தது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் தாழ்வாரக் கோடியிலும் அதே மாதிரி சென்சார் விளக்குதான். சாயங்காலம் இருட்டிய பிறகு குடைச்சல் லிஃப்டிலிருந்து இறங்கி, அந்த விளக்கைப் பார்த்தபடி நேராக நடந்து வந்தாள். விளக்கு எரியவில்லை. இன்னும் நடந்தாள். எரியவில்லை. யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளின் பெடல் முழங்காலுக்குக் கீழே நச்சென்று இடித்தது. அவள் கத்திய சத்தத்தில் அண்ணன் பக்கவாட்டிலிருந்த தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து, தாழ்வாரத்தின் குறுக்கே ஓரடி வைத்தான். உடனே எரிந்தது.

"பாத்தியா, நான் வந்தா லைட்டே எந்திரிச்சு நிக்குது. உன்னையெல்லாம் அது ஆளாவே மதிக்கல."

குடைச்சல் காலைத் தேய்ப்பதைக்கூட மறந்து நின்றாள். "டேய் அண்ணா, திரும்பி உள்ள போ. லைட் அணையட்டும். மறுபடி வா."

"என்னது?"

"வாடான்னா வா!"

அவன் குறுக்கே வரும்போதெல்லாம் எரிந்தது. அவள் நேராக வரும்போதெல்லாம் கடைசி நிமிடம் வரை இருட்டிலேயே கிடந்தது. பிறகு இடம் மாறிக்கொண்டார்கள், அவன் நேராக, அவள் குறுக்காக. இப்போது அவளுக்கு எரிந்தது, அவனுக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த முட்டை ஓட்டின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு கீற்றைப் பார்க்கிறது, விரித்த விசிறியின் மடிப்புகள் மாதிரி. கதகதப்பான உடம்பு ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தாண்டினால், ஆள் நகர்கிறார் என்று சென்சாருக்குத் தெரியும். குறுக்கே போகிறவர் மடிப்புக்கு மடிப்பு தாண்டிக்கொண்டே போகிறார். விளக்கை நோக்கி நேராக வருகிறவரோ ஒரே மடிப்புக்குள்ளேயே வருகிறார். எதையும் தாண்டுவதில்லை. ஆகவே அவர் நிற்பதும் நடப்பதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆடுநாற்காலி கதவுக்கு நேர் எதிரே, கதவைப் பார்த்து இருந்தது. கதவுக்கு மேலேதான் சென்சார். நாற்காலி முன்னே வந்தால் சென்சாரை நோக்கி, பின்னே போனால் சென்சாரை விட்டு. அக்கா வருடக்கணக்கில் ஆடினாலும் அதே ஒரு மடிப்புக்குள்தான் ஆடுவார்.

அப்படியானால் நாற்காலியைத் திருப்ப வேண்டியதுதானே? அங்கேதான் வில்லங்கம். நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. 'இடம் மாற்றாதீர்' என்று அச்சடித்த அட்டையும் இருந்தது. திறப்பு விழாவுக்குக் கம்பெனி அனுப்பிய புகைப்படக்காரர், பின்சுவரில் கம்பெனியின் பெயர் தெரிய வேண்டும் என்று நாற்காலியை அதற்கு முன்னால் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

குடைச்சல் பேப்பரும் பேனாவுமாக இயக்குநர் முன் உட்கார்ந்து, விசிறி வரைந்து, மடிப்பு வரைந்து, அம்பு போட்டு விளக்கினாள். அவளுக்கு விளக்குவதென்றால் கரும்பு தின்கிற மாதிரி. இயக்குநரின் கண்கள் மூன்றாவது அம்பிலேயே ஜன்னலுக்குப் போய்விட்டன.

"நல்ல ஆர்வம்மா. இதை வசதிகள் குழுவுக்கு எழுதிக் குடு. அடுத்த காலாண்டுல எடுத்துக்குவாங்க."

"மேடம், கடைசிச் சந்திப்பு இந்த வாரம்."

"அவசரத்துல நாற்காலியை நகர்த்தி, கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கிட்டா? அவங்க பேருக்கு முன்னாடி இருக்கணும்னு அவங்களே வெச்ச இடம்."

குடைச்சல் பேப்பரை மடித்தாள். பார்வை தன்னிச்சையாக மேசை மேலிருந்த ஆண்டறிக்கைக்குப் போயிற்று. அட்டையில் ஆடுநாற்காலிப் படம். மடியில் குழந்தை, குழந்தைக்கு மஞ்சள் வட்டச் சிரிப்பு, ஒட்டியது அவளேதான். பின்னால் கம்பெனியின் பெயர். பெயரின் நடுவில் மூன்று எழுத்துகளை, உட்கார்ந்திருந்தவரின் தலை மறைத்துக்கொண்டிருந்தது.

விசிறியும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"மேடம், இன்னொண்ணு. இந்தப் படத்துல கம்பெனி பேரைத் தலை மறைக்குது பாருங்க. நாற்காலியைப் பக்கவாட்டுல திருப்பி, ஒரு ஓரமாப் போட்டா முழுப் பேரும் தெரியும்."

இயக்குநர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஆண்டறிக்கையைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அடக் கடவுளே! இதை யாரும் ஏன் முன்னாடியே சொல்லல? இதைப் போய் அவங்களுக்கு அனுப்பி வேற வெச்சிருக்கோமே! இப்பவே மாத்து. ஓடு, ஓடு!"

குடைச்சல் ஓடினாள். மஞ்சள் டேப்பைக் கிழித்து, நாற்காலியைத் திருப்பி, புது டேப்பை ஒட்டினாள். அட்டையையும் விடாமல் அங்கேயே வைத்தாள். இப்போது அது அவளுக்குச் சாதகமான சட்டம்.

வியாழக்கிழமை பேக்கரி அக்கா வந்து, நாற்காலி திரும்பியிருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"உக்காருங்கக்கா. வழக்கம்போல ஆடுங்க. கையெல்லாம் தூக்க வேண்டாம்."

"இப்ப பாக்குமா அது?"

"பாக்கும். முந்தி நீங்க அதுக்கு நேரா ஆடினீங்க, அதுக்குத் தெரியல. இப்ப குறுக்க ஆடப் போறீங்க."

குழந்தை வந்ததும் கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொன்னது. பிறகு மடியில் ஏறி, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, பேச்சை நடுவிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போனது. அக்கா ஆடினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விசிறியின் ஒரு மடிப்பு தாண்டியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வெளியே அதிகாரிக்குக் குறுக்கெழுத்து ஓடவில்லை. டேப்லெட்டை ஒரு தட்டு தட்டினார். திருப்பிப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மணியே அடிக்கல? பேக்கரி அம்மாதானே உள்ள? மெஷின் ரிப்பேரா?"

"நீங்களே எட்டிப் பாருங்களேன் சார்."

"நானா?"

"நீங்கதானே கவனிப்பு அதிகாரி."

அவர் முனகிக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். குறுக்கெழுத்து மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை.

"எவ்வளவு நேரமாத் தூங்குது?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"வந்த கொஞ்ச நேரத்துலேர்ந்து. ஒவ்வொரு வாரமும் தூங்க வருது சார். நாமதான் மணி அடிச்சு எழுப்பிக்கிட்டு இருந்தோம்."

அதிகாரி சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். ரொம்ப நாளாக எழுதாத பேனா, உதறினால்தான் எழுதியது. குறுக்கெழுத்தின் ஓரத்திலேயே கிறுக்கிவிட்டு, பிறகு முறையான தாளில் எடுத்து எழுதினார்: 'வளர்ப்பு வீட்டில் உறங்காத குழந்தை, தாயின் மடியில் சந்திப்பு முழுவதும் நிம்மதியாக உறங்கியது. நேரில் பார்த்தேன்.'

மறுஆய்வுக் குழுவில் இயக்குநர் திரையில் கோட்டைக் காட்டினார். நாற்பதிலிருந்து நூறுக்கு ஏறியிருந்தது. 'அசைவின் வழியே அன்பு' பயிலரங்கின் வெற்றி இது என்றார். இனி எல்லாப் பெற்றோருக்கும் அது கட்டாயம் என்றும் சொன்னார். குழுவினர் மரியாதைக்குக் கை தட்டினார்கள். தலைமை தாங்கிய பெரியவர் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, அதிகாரியின் தாளை எடுத்துப் படித்தார். வளர்ப்பு அம்மாவைப் பார்த்து, "குழந்தை உங்க வீட்டுல தூங்கறதில்லையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நானும் எல்லா வித்தையும் காட்டிப் பாத்துட்டேன். அவங்க அம்மாகிட்ட விடுங்க, புண்ணியமாப் போகும்."

அதற்குப் பிறகு யாரும் திரையைப் பார்க்கவில்லை. சனி, ஞாயிறு வீட்டில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. பேக்கரி அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். பயிலரங்கில் சொல்லிக்கொடுத்த மாதிரி கையை அகலமாக வீசவில்லை.

பயிற்சி முடிகிற அன்று அதிகாரி குடைச்சலைக் கூப்பிட்டார். அவருடைய நாற்காலி இன்னும் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தது. உள்ளே நடைராஜா போனும் கையுமாக உலாத்திக்கொண்டிருக்க, அதிகாரி கையில் பேனாவோடு, மூலையில் சுவரைச் சுரண்டும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போனப்புறம் எவனாவது வந்து எல்லாத்தையும் பழையபடி வெச்சிடப் போறான். என்ன செய்யணும்னு சுருக்கமாச் சொல்லிட்டுப் போம்மா. விசிறி, மடிப்பெல்லாம் வேண்டாம்."

குடைச்சல் விசிறியை ஆரம்பிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"ஆடுநாற்காலி கதவைப் பாத்து இருக்கக் கூடாது சார், பக்கவாட்டுல இருக்கணும். உங்க நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டக் கூடாது, கதவைப் பாத்து இருக்கணும்."